பிளேட் முழுக்கப் பச்சையாக எரிகிறதா? செல்லில் ஆர்.ஓ.எஸ். அளப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

மாசி மாதத்தில் ஒரு நாள், தொண்டிப் பக்கமிருந்து எம்.எஸ்சி. முடிக்கப்போகும் மாணவி ஒருத்தி தன் பிளேட் ரீடர் (வெல் எனப்படும் சிறு குழிகள் நிறைந்த தட்டில் ஒளியை அளக்கும் கருவி) கணக்குகளைத் தூக்கிக்கொண்டு மண்டபம் ஊருக்கு, என்னிடம் வந்தாள். கட்டக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியை உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்து எடுத்த சாறு. அதைக் கொடுத்த செல்களில், ஆர்.ஓ.எஸ். எனப்படும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வகைகளைக் காட்டும் சாயத்தின் பச்சை ஒளி பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. "அக்கா, ஆர்.ஓ.எஸ். குறைஞ்சிடுச்சு. எழுத ஆரம்பிக்கலாமா?" என்றாள். "செல் இல்லாத வெல்லில் என்ன வந்தது?" என்று கேட்டேன். அப்படி ஒரு வெல்லே வைக்கவில்லை. மறுநாள் இருவரும் உட்கார்ந்து வைத்தோம். வெறும் பஃபரில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்), ஏற்கெனவே ஒளிர்ந்துகொண்டிருந்த சாயத்தோடு அதே அளவு சாற்றைக் கலந்தோம். அங்கேயும் ஒளி கிட்டத்தட்ட அதே அளவு விழுந்தது. சாற்றின் பழுப்பு நிறம் ஒளியைக் குடித்துக்கொண்டிருந்தது. செல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு மாத உழைப்பு. இரண்டு வெல் கூடுதலாக வைத்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். இந்தக் கரையில் பாசி, நண்டு, சிப்பி என்று வைத்துக்கொண்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நெறிமுறைகள் பெரும்பாலும் மனிதச் செல்லுக்கும் எலிச் செல்லுக்கும் எழுதியவை. கடல் சார்ந்த கோளாறுகள் அவற்றில் இருக்காது. அதனால் நான் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். உங்கள் பிளேட்டில் எது தெரிகிறதோ நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

எதற்கும் முன்னால்

பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது டி.சி.எஃப்.டி.ஏ. சாயம்தான். அது நிறமில்லாத, ஒளிராத நிலையில் செல்லுக்குள் நுழைகிறது. உள்ளே எஸ்டரேஸ் நொதிகள் அதன் இரண்டு அசிட்டேட் வால்களையும் வெட்டிவிடுகின்றன. வால் போனபின் சாயம் எளிதில் வெளியே வர முடியாது. அப்புறம் ஏதோ ஒன்று அதை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது பச்சையாக ஒளிர்கிறது. 485 நானோமீட்டரில் வெளிச்சம் கொடுத்து 528-இல் படிப்பது வழக்கம்.

அந்த "ஏதோ ஒன்று" என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. 1965-இல் கெஸ்டனும் பிராண்டும் மிக நுண்ணிய அளவு ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க இந்தச் சாயத்தைக் கொண்டுவந்தபோது, கூடவே பெராக்சிடேஸ் நொதியையும் வைத்துத்தான் அளந்தார்கள். காரணம், ஹைட்ரஜன் பெராக்சைடு தனியாக இந்தச் சாயத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நடுவில் ஒரு பெராக்சிடேஸோ, இரும்போ, சைட்டோகுரோம் சி-யோ வேண்டும். ஹைட்ராக்சில் ரேடிக்கல், ஹைப்போகுளோரஸ் அமிலம், பெராக்சிநைட்ரைட்டிலிருந்து பிறக்கும் ரேடிக்கல்கள் எல்லாமும் இதை ஒளிரவைக்கும். ஆகவே பச்சை ஏறினால், "செல்லுக்குள் இந்தச் சாயம் ஆக்சிஜனேற்றம் அடைந்தது" என்று மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. யாரால், எதனால் என்று அது சொல்லவில்லை.

அதனால் எந்த பிளேட்டிலும் இந்த ஐந்து வெல்கள் எனக்குக் கட்டாயம். சாயமே போடாத செல். செல்லே இல்லாத சாயம். செல்லே இல்லாமல் சாயமும் உங்கள் மருந்தோ சாறோ சேர்ந்தது. சாயமும் கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ.வும் மட்டும் பெற்ற செல். கடைசியாக, கட்டாயம் ஒளிர வேண்டிய நேர்க் கட்டுப்பாடு. ஒவ்வொன்றும் மூன்று முறை என்றால் பதினைந்து வெல். 96 வெல் பிளேட்டில் அது பெரிய இடமே இல்லை.

செல் இல்லாத வெல்லும் பச்சையாக எரிகிறது

இங்கே முதல் சந்தேகம் ஸ்டாக் மேல்தான், அதாவது டி.எம்.எஸ்.ஓ.வில் அடர்த்தியாகக் கரைத்துவைத்த சாயத்தின் மேல். டியூப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல ஸ்டாக் நிறமற்று இருக்கும். மஞ்சளாகவோ, இளம்பச்சைச் சாயலாகவோ தெரிந்தால் அது பாட்டிலுக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது. அதைக் காப்பாற்ற வழியில்லை, கொட்டிவிடுங்கள்.

நம் ஊரில் இது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் காற்று. டி.எம்.எஸ்.ஓ. ஈரத்தை உறிஞ்சும் திரவம். பாம்பன், மண்டபம், கீழக்கரை எங்கே இருந்தாலும் கடற்காற்றின் ஈரம் எப்போதும் நம்மோடுதான். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குளிர்ந்த டியூப்பை உடனே திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்துமுத்தாக நீர் கோத்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நீர் போதும், அசிட்டேட் வால்கள் டியூப்பிலேயே அறுந்துபோகும். வால் அறுந்த சாயம் செல்லுக்குள் சரியாக நுழையாது, வெளியிலேயே கிடந்து காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகும். ஆகவே டியூப்பை ஃபாயில் சுற்றியபடியே மேசையில் வைத்து, அறை வெப்பம் வந்தபின் திறவுங்கள். டி.எம்.எஸ்.ஓ. 18.5 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், அது முழுக்க உருகிவிட்டதா என்பதே உங்களுக்கு ஒரு கடிகாரம்.

ஸ்டாக் போடும்போது 4.87 மில்லிகிராமுக்கு 1 மில்லிலிட்டர் உலர்ந்த டி.எம்.எஸ்.ஓ. என்றால் 10 மில்லிமோலார். அதை உடனே 20, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, கறுப்பு டியூப்பிலோ ஃபாயிலிலோ வைத்து, மைனஸ் 20-இல் போடுங்கள். ஒரு டியூப், ஒரு நாள், மீதியைத் திரும்ப வைக்கக் கூடாது. மின்வெட்டு நீண்ட நாட்களில் ஃப்ரீசர் எத்தனை மணி நேரம் நின்றது என்று கதவில் ஒரு தாளில் குறித்துவைப்பது நல்ல பழக்கம்.

ஸ்டாக் நன்றாக இருந்தும் வெற்று வெல் எரிந்தால், செல் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தைப் பாருங்கள். சீரத்திலும் எஸ்டரேஸ் உண்டு, அது சாயத்தின் வாலைச் செல்லுக்கு வெளியிலேயே வெட்டிவிடும். மீடியத்தில் இருக்கும் ரைபோஃபிளேவின் தானே பச்சையாக ஒளிரும். ஃபீனால் ரெட் என்ற நிறக்காட்டி வேறு குறுக்கே நிற்கும். சாயம் ஏற்றும்போது சீரமும் ஃபீனால் ரெட்டும் இல்லாத ஹேங்ஸ் பஃபர் போதும். 10 மைக்ரோமோலார், 30 நிமிடம், இருட்டில். அப்புறம் இரண்டு முறை கழுவுங்கள். கழுவிய கடைசித் தண்ணீரையும் ஒரு வெல்லில் ஊற்றிப் படித்துப் பாருங்கள். அது எரிந்தால் இன்னும் ஒரு முறை கழுவ வேண்டும்.

பெராக்சைடு கொடுத்தும் ஒன்றும் ஏறவில்லை

பாட்டில் மேல் 30 சதவீதம் என்று எழுதியிருக்கும். உள்ளே அது இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த வெயிலில், திறந்து மூடித் திறந்து மூடி, பாதிப் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் போயிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் குவெட்டில் 240 நானோமீட்டரில் உறிஞ்சுதலைப் பாருங்கள். மோலார் உறிஞ்சுதல் குணகம் 43.6. அதாவது 10 மில்லிமோலார் இருந்தால் 0.436 காட்ட வேண்டும். புது 30 சதவீதப் பாட்டில் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கும். 0.2 காட்டினால் உங்கள் "100 மைக்ரோமோலார்" உண்மையில் 50-க்கும் கீழே. இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சோதனை நாள் ஒவ்வொன்றிலும் செய்துவிடுங்கள்.

பெராக்சைடு சரியாக இருந்தால் மீடியத்தில் பைருவேட் இருக்கிறதா பாருங்கள். டி.எம்.இ.எம். என்ற மீடியத்தின் பல வகைகளில் 1 மில்லிமோலார் இருக்கும். பைருவேட் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்றுவிடும், செல்லுக்குப் போய்ச் சேர விடாது. பெராக்சைடு கொடுப்பதும் ஹேங்ஸ் பஃபரில்தான் நடக்க வேண்டும்.

அதுவும் சரியென்றால், மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். பெராக்சைடு தனியாகச் சாயத்தைத் தொடாது. செல்லில் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி மிகுந்திருந்தால், அல்லது உதவிக்கு இரும்போ பெராக்சிடேஸோ குறைவாக இருந்தால், 100 மைக்ரோமோலார் கொடுத்தும் சிறிதளவே ஏறலாம். இன்னொரு நேர்க் கட்டுப்பாடாக டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடோ மெனடியோனோ வைத்துப் பாருங்கள். கேட்டலேஸ் டெர்ட்-பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடை அவ்வளவு லேசில் உடைக்காது. அதிலும் ஏறவில்லை என்றால் சாயமே உள்ளே போகவில்லை, அல்லது செல் இறந்துகிடக்கிறது. இறந்த செல்லை நீலமாக்கும் ட்ரிப்பன் ப்ளூ போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பார்க்கப் பார்க்க ஒளி ஏறிக்கொண்டே போகிறது

மைக்ரோஸ்கோப்பில் வைத்து, நல்ல படம் வரட்டும் என்று ஃபோகஸ் திருப்பிக்கொண்டிருக்கும்போது கண் முன்னாலேயே செல்கள் பளபளவென்று ஆகும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அது நீங்கள் அடிக்கும் நீல வெளிச்சத்தின் வேலை. வெளிச்சமே சாயத்தை ஆக்சிஜனேற்றம் செய்கிறது. போதாக்குறைக்கு, சாயம் ஆக்சிஜனேற்றம் ஆகும் வழியில் பிறக்கும் ரேடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர்ஆக்சைடை உண்டாக்குகிறது. அது பெராக்சைடாகி மறுபடி சாயத்துக்கே வருகிறது. அளக்க வந்த கருவியே அளக்க வேண்டிய பொருளை உற்பத்தி செய்கிறது என்பதை மாணவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

ஃபோகஸை சாதாரண வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிர் விளக்கை ஒரே ஒரு முறை, குறைந்த வலுவில், ஒரே எக்ஸ்போஷரில் திறந்து படமெடுத்து மூடுங்கள். பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள், பக்கத்துக் காட்சிக்கு நகருங்கள். பிளேட் ரீடரில் நிமிடத்துக்கு ஒரு முறை படிக்கும்படி வைப்பதும் இதே தவறுதான். பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும். ஒன்றும் கொடுக்காத செல்லும் அதே வேகத்தில் ஏறுகிறதா என்று பாருங்கள். இரண்டு கோடும் ஒன்றாகவே ஏறினால் நீங்கள் பார்ப்பது விளக்கின் விளைவு.

பாசிச் சாறு கொடுத்தால் ஒளி விழுகிறது, அல்லது எகிறுகிறது

இந்தக் கரையில் வேலை செய்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். பாசி எடுக்கப் போகும் பெண்கள் வடகடல், தென்கடல் என்று பிரித்துச் சொல்வார்கள். பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். எந்தக் கடலிலிருந்து வந்தது, எந்த மாதம், எப்படி உலர்த்தியது என்பதைப் பொறுத்துச் சாற்றின் நிறமே மாறும். நிறம் மாறினால் உங்கள் ஒளிர்வு எண்ணும் மாறும்.

கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசியில் ஃபுளோரோடானின் என்ற பாலிஃபீனால்களும் ஃபியூகோசாந்தின் நிறமியும் உண்டு. ஃபியூகோசாந்தின் நீல வெளிச்சத்தை உறிஞ்சுகிறது, ஃபுளோரோடானினும் ஆக்சிஜனேற்றமாகிப் பழுப்பேறினால் உறிஞ்சும். சாயத்துக்குப் போய்ச் சேர வேண்டிய 485 வெளிச்சம் குறைந்துவிடும், சாயம் வெளியிடும் ஒளியும் கொஞ்சம் வழியிலேயே போய்விடும். சாறு கூடக் கூட ஒளி குறையும். வரைபடம் அழகான டோஸ் வளைவாக வேறு வரும், அதனால்தான் ஏமாறுகிறோம்.

சோதித்துப் பார்ப்பது எளிது. ஏற்கெனவே ஆக்சிஜனேற்றமான டி.சி.எஃப். என்ற சாயம் தனியாகவே விலைக்குக் கிடைக்கிறது. அதை பஃபரில் கரைத்து, செல் இல்லாமல், உங்கள் சாற்றை நீங்கள் பயன்படுத்தும் அளவுகளில் வரிசையாகக் கலந்து படியுங்கள். அங்கே ஒளி விழுந்தால் அது நிறத்தின் வேலை. கூடவே சாறு மட்டும் உள்ள வெல்லில் 485-இலும் 528-இலும் உறிஞ்சுதலைப் பாருங்கள். 0.1-ஐத் தாண்டினால் அந்த அளவு சாற்றோடு ஒளிர்வு படிக்கவே வேண்டாம். சாற்றைக் கொடுத்து, நேரம் முடிந்ததும் நன்றாகக் கழுவி, அதன் பிறகு சாயம் ஏற்றுங்கள். அந்த மாணவியும் அப்படித்தான் மறுபடி செய்தாள். கழுவியபின் வேறுபாடு மிகச் சிறியதாகிவிட்டது. ஆனால் இருந்தது. அந்தச் சிறிய வேறுபாட்டைத்தான் அவள் ஆய்வேட்டில் எழுதினாள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாலிஃபீனால்கள் மீடியத்தில், காரத்தன்மை லேசாக இருந்தாலும், தாமாகவே ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல்லுக்கு அதில் பங்கே இல்லை. மீடியத்தில் சாற்றை விட்டு 37 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். நிறம் கருத்துக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். செல் இல்லாத மீடியத்தில், பெராக்சைடைக் காட்டும் ஆம்ப்ளெக்ஸ் ரெட் சாயமும் பெராக்சிடேஸும் போட்டு அளந்தால் பெராக்சைடு எவ்வளவு பிறக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சாறே பெராக்சிடேஸோடு வினைபுரிந்து ஆம்ப்ளெக்ஸ் ரெட்டையும் குழப்பலாம். அதனால் தெரிந்த அளவு பெராக்சைடைச் சாற்றுக்குள் விட்டு, அது முழுசாகத் திரும்பிக் கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்புறம் கேட்டலேஸ் சேர்த்த ஒரு வரிசை. கேட்டலேஸ் போட்டதும் "செல்லின் ஆர்.ஓ.எஸ்." காணாமல் போனால் அது செல்லுக்கு வெளியே பிறந்தது.

சிவப்புப் பாசி வேறு கதை. கஞ்சிப்பாசியையும் மரிக்கொழுந்துப் பாசியையும் உலர்த்தாமல் தண்ணீரில் அரைத்தால் ரோஜா நிறச் சாறு வரும். அது ஃபைகோஎரித்ரின். 575 நானோமீட்டர் அருகே பிரமாதமாக ஒளிரும் புரதம். சூப்பர்ஆக்சைடுக்குப் போடும் மைட்டோசாக்ஸ் ரெட் ஒளிரும் இடம் 580. இரண்டும் ஒரே ஃபில்டரில் விழும். மணலில் பரப்பி வெயிலில் வெளுக்கவிட்ட பாசியில் இந்த நிறமி பெரும்பாலும் போய்விடும். அதனால் "உலர்த்தாத பாசிச் சாறு சூப்பர்ஆக்சைடைக் கூட்டுகிறது, உலர்ந்த பாசிச் சாறு கூட்டவில்லை" என்று ஒரு முடிவு கையில் வந்தால், சாயமே போடாத செல்லுக்குச் சாறு மட்டும் கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் சிவப்பு தெரிந்தால் அது பாசியின் நிறம்.

மெத்தனால் சாறுகளில் குளோரோஃபில் இருக்கும். அது 680 பக்கம் ஒளிர்வதால் பச்சை ஃபில்டர் குறுகலாக இருந்தால் தொந்தரவு குறைவு. அகல ஃபில்டரோ, 515-க்கு மேல் எல்லாவற்றையும் விடும் நீள்அலை ஃபில்டரோ இருந்தால் உள்ளே வந்துவிடும். பவளத்தில் வாழும் நுண்பாசியில் ஆர்.ஓ.எஸ். பார்ப்பவர்களுக்கும் இதே பிரச்சினைதான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்தபின் அந்தக் கேள்வியோடு வருபவர்கள் உண்டு. அந்த நுண்பாசிக்குத் தடித்த செல் சுவர் உண்டு என்பதால் சாயம் ஏற மெதுவாகும், நேரத்தை அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று வைத்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. அனுமதித் தாள் கையில் இல்லாமல் ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள்.

நண்டு ரத்தச் செல் உடைந்துவிடுகிறது, அல்லது கட்டியாகிவிடுகிறது

நீலக்கால் நண்டின் ரத்தத்தை எடுத்து, பாட்டிலில் இருந்த சாதாரண பாஸ்பேட் பஃபரில் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் செல்லைக் காணோம், பொடிப்பொடியாகத் துகள்தான் மிதக்கிறது என்று சொல்வார்கள். சாதாரண பாஸ்பேட் பஃபரின் சவ்வூடு அழுத்தம் 300 மில்லிஆஸ்மால் அருகே. கடல் நண்டின் ரத்தம் கடல் நீரோடு ஒத்துப்போவது, ஏறக்குறைய 1000. அந்த பஃபரில் விழுந்த செல் தண்ணீரை உறிஞ்சி வெடிக்கிறது. வெடித்த செல்லிலிருந்து வெளியேறும் நொதிகள் சாயத்தைக் கண்டபடி ஒளிரவைக்கின்றன. நண்டு பிடித்த இடத்துக் கடல் நீரின் உப்பளவை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து, அதற்கு ஏற்ப உப்பு சேர்த்த பஃபரைச் செய்துகொள்ளுங்கள். வாடைக் காற்றோடு ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டியபின் வடகடலின் கரையோரத்தில் உப்பு இறங்கும். கோடையில் செய்த பஃபரை அப்போது அப்படியே எடுக்கக் கூடாது.

கட்டியாவது உறைதலால். நண்டு ரத்தச் செல் வெளியே வந்ததும் துகள்களைக் கக்கி ஒட்டிக்கொள்ளும். சிரிஞ்சுக்குள் முன்கூட்டியே உறைதடுப்புத் திரவம் இருக்க வேண்டும். இறால், நண்டு ஆய்வுகளில் பரவலாகப் பயன்படுத்துவது: 0.45 மோலார் சோடியம் குளோரைடு, 0.1 மோலார் குளுக்கோஸ், 30 மில்லிமோலார் சோடியம் சிட்ரேட், 26 மில்லிமோலார் சிட்ரிக் அமிலம், 10 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பி.எச். 4.6. ஐஸில் குளிர்ந்திருக்கட்டும். நீந்தும் காலின் அடி மூட்டிலுள்ள மெல்லிய சவ்வில் ஊசியைச் செருகி மெதுவாக இழுங்கள். ரத்தமும் திரவமும் சரிபாதி. வேகமாக இழுத்தால் ஊசி முனையிலேயே செல் சிதையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. அந்தத் திரவம் அமிலம். டி.சி.எஃப். அமிலத்தில் மங்கிவிடும். உறைதடுப்பிலேயே வைத்துப் படித்தால் எல்லா வெல்லும் இருண்டுதான் இருக்கும். இரும்பைக் கட்டிப்போடும் இ.டி.டி.ஏ.வும் வினையின் போக்கை மாற்றிவிடலாம். மெதுவாகச் சுழற்றிச் செல்லைக் கீழே இறக்கி, மேலே நிற்கும் திரவத்தை நீக்கி, நடுநிலையான உப்பு பஃபருக்கு மாற்றிவிட்டுத்தான் சாயம் ஏற்ற வேண்டும். மேலே நிற்கும் திரவத்தில் ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம் இருக்கும், அதுவும் ஆக்சிஜனேற்ற வேலை பார்க்கக்கூடியது. அதை மட்டும் தனி வெல்லில் சாயத்தோடு வைத்துப் பாருங்கள், எவ்வளவு எரிகிறது என்று புரியும். வெல் கருத்துக்கொண்டு வந்தால் மெலனின் உண்டாகிறது, அந்த அளவீட்டை விட்டுவிடுங்கள்.

அப்புறம் வெப்பம். நெறிமுறையில் 37 டிகிரி என்று இருப்பது பாலூட்டிச் செல்லுக்கு. நம் கடல் நண்டுக்கு 28 போதும். 37-இல் வைத்தால் வெப்ப அழுத்தத்தையே அளப்பீர்கள். நேர்க் கட்டுப்பாட்டுக்கு சைமோசானோ பி.எம்.ஏ.வோ கொடுத்துச் செல்லைத் தூண்டலாம்.

எந்த நண்டு என்பதும் முக்கியம். ஒரு முறை வேதாளைப் பக்கம் நண்டு வலை விடும் அண்ணன் ஒருவரிடம், "எட்டு நண்டு வேணும்ணே, உயிரோட" என்று சொல்லியிருந்தேன். கூடையில் ஈரச் சாக்குப் போட்டு அருமையாகத்தான் கொண்டுவந்தார். ஆனால் வலையில் சிக்கி இரவெல்லாம் கிடந்தவை அவை. ஒன்றும் கொடுக்காத செல்லே பளிச்சென்று எரிந்தது. "அதுக கிடந்து துடிச்சுருக்கும்ல தங்கச்சி" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து காற்றடிக்கும் தொட்டியில் இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுத்த பிறகுதான் ஊசி. தோடு கழற்றி மெத்தென்று இருக்கும் நண்டை எடுப்பதே இல்லை.

சிவப்புச் சாயம் போட்டால் உட்கரு முழுக்கச் சிவப்பு

டைஹைட்ரோஎத்திடியம், அதாவது டி.எச்.இ., சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்தால் 2-ஹைட்ராக்சிஎத்திடியம் ஆகும். மற்ற ஆக்சிஜனேற்றிகளோடு சேர்ந்தால் எத்திடியம் ஆகும். இரண்டும் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு சிவப்பாகத்தான் தெரியும். சாதாரண சிவப்பு ஃபில்டரில் இரண்டையும் பிரிக்க முடியாது. செல்லைக் கரைத்து எச்.பி.எல்.சி. என்ற பிரித்தறியும் கருவியில் ஓட்டினால்தான் எது எவ்வளவு என்று தெரியும். அந்த வசதி பக்கத்தில் இல்லையென்றால் "சூப்பர்ஆக்சைடு" என்ற சொல்லை விட்டுவிட்டு "டி.எச்.இ. ஆக்சிஜனேற்றம்" என்று எழுதுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை.

மைட்டோசாக்ஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக வேண்டியது. உட்கருவில் தெரிந்தால் அளவு அதிகம். 5 மைக்ரோமோலார் என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த அளவே மைட்டோகாண்ட்ரியாவைத் தொந்தரவு செய்யக்கூடியது. 1-இலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிப் பாருங்கள். இன்னொன்று, இந்தச் சாயம் உள்ளே போவது சவ்வு மின்னழுத்தத்தை நம்பித்தான். உங்கள் மருந்து அந்த மின்னழுத்தத்தைக் குலைத்தால் சாயம் சேரும் அளவே மாறிவிடும், சிவப்பு குறைந்ததற்கு சூப்பர்ஆக்சைடு காரணமாக இருக்காது.

என்.ஏ.சி. கொடுத்தால் குறைகிறது, அப்படியென்றால் ஆர்.ஓ.எஸ். தானே?

அப்படிச் சொல்ல முடியாது. என்.ஏ.சி. (என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவது மிக மெதுவாக. அது சிஸ்டீன், குளுட்டாதயோன் அளவுகளை மாற்றும், செல்லுக்குள் வேறு பலவற்றையும் மாற்றும். என்.ஏ.சி.க்குக் குறைந்தது என்பது ஒரு தடயம், அவ்வளவுதான். பெராக்சைடுதான் என்று காட்ட வேண்டுமானால் பெக்-கேட்டலேஸ், சூப்பர்ஆக்சைடு என்றால் அதை நீக்கும் நொதியான பெக்-எஸ்.ஓ.டி., இல்லையென்றால் எங்கிருந்து பிறக்கிறதோ அந்த நொதியையே மரபு வழியில் நிறுத்திப் பார்ப்பது. 2022-இல் மைக்கேல் மர்ஃபியும் பல ஆய்வாளர்களும் சேர்ந்து நேச்சர் மெட்டபாலிசம் இதழில் எழுதிய வழிகாட்டுதல்களும், எந்த வகை என்று பெயர் சொல்லாமல் பொதுவாக "ஆர்.ஓ.எஸ்." என்று எழுதுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. பெராக்சைடை மட்டும் குறிவைக்க போரோனேட் வகைச் சாயங்கள் உண்டு. செல்லுக்குள்ளேயே உணரியை உருவாக்க முடிந்தவர்களுக்கு ஹைப்பரும் ஆர்.ஓ.ஜி.எஃப்.பி.2-ஓ.ஆர்.பி.1-உம் இன்னும் நல்லவை. ஹைப்பர் பி.எச். மாற்றத்துக்கும் அசையும் என்பதால் சைப்பர் என்ற துணைக் கட்டுப்பாடு கூடவே வேண்டும்.

நேற்று வந்தது இன்று வரவில்லை

முதலில் ரீடரின் கெய்ன் எண்ணை, அதாவது ஒளியை எவ்வளவு பெருக்கிப் படிக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். "ஆட்டோ" என்று விட்டிருந்தால் ஒவ்வொரு நாளும் வேறு எண், ஒப்பிடவே முடியாது. ஒரு நாள் கண்டுபிடித்த கெய்னைப் பூட்டிவிடுங்கள். தெரிந்த அளவு டி.சி.எஃப். மூன்று வெல்லில் ஒவ்வொரு பிளேட்டிலும் இருந்தால் நாளுக்கு நாள் ஒப்பிடலாம்.

ஓர வெல்கள் மட்டும் கூடுதலாக எரிந்தால் தண்ணீர் ஆவியாகிறது. வெளி வரிசை முழுக்கத் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே இருக்கும் 60 வெல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரம் கூடக் கூட ஒளி இறங்கினால் டி.சி.எஃப். மெல்லக் கசிந்து வெளியே வருகிறது, மேலே நிற்கும் திரவத்தைத் தனியாகப் படித்தால் தெரிந்துவிடும். செல் எண்ணிக்கையும் பாருங்கள். மருந்து பாதிச் செல்லைக் கொன்றிருந்தால் ஒளியும் பாதியாகும். ஒவ்வொரு வெல்லையும் டி.என்.ஏ. அளவுக்கோ புரத அளவுக்கோ வகுத்த பிறகே எண்ணைப் பேசவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்தும் புரியாவிட்டால் குறிப்பேட்டை எடுங்கள். ஸ்டாக் எந்தத் தேதி கரைத்தது, இது எத்தனையாவது டியூப், 240-இல் பெராக்சைடு எவ்வளவு காட்டியது, கெய்ன் எவ்வளவு, சாயம் ஏற்றியது எத்தனை மணிக்கு, படித்தது எத்தனை மணிக்கு, மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது, நண்டு என்றால் எந்தக் கடல், உப்பு எவ்வளவு, தொட்டியில் எத்தனை நாள். வந்த நாளின் பக்கத்தையும் வராத நாளின் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தொண்டி மாணவியின் குறிப்பேட்டில் இப்போது ஒவ்வொரு பிளேட்டுக்கும் முதல் வரி "செல் இல்லாத வெல்" என்றுதான் தொடங்குகிறது.